அரசுக்குப் பின்னால் இன்னொரு அரசு: பி2 பட்டியலை வைத்து ஒரு விவாதம்

வாசகர் கேள்வி

இலுமினாட்டி, ரோத்ஸ்சைல்ட், பில்டர்பெர்க் என்று தினமும் வீடியோ வருகிறது. உங்களிடம் கேட்டால் எல்லாமே கதை என்கிறீர்கள். அரசாங்கத்தை மறைவிலிருந்து ஆட்டிவைத்த குழு என்று ஒன்றுகூட எந்த நாட்டிலும் இருந்ததில்லையா சார்? ஆதாரத்தோடு ஒன்று காட்டுங்கள், பேச்சை நிறுத்திக்கொள்கிறேன். இல்லையென்றால் நீங்களும் அவர்கள் ஆள்தான்.

ஜூலை 14, காலை

இருந்தது. இத்தாலியில். பெயர் பி2, விரித்துச் சொன்னால் ப்ரோபகாண்டா துவே, ஒரு ரகசியச் சங்கம். நான் அவர்கள் ஆள் இல்லை தம்பி. ஆளாக இருந்திருந்தால் கடைசி மூன்று பதவி உயர்வும் கிடைத்திருக்கும்.

1981 மார்ச் 17. மிலானைச் சேர்ந்த விசாரணை நீதிபதிகள் கெரார்தோ கொலம்போவும் ஜூலியானோ தூரோனேயும் வேறொரு வழக்கைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மிகேலே சிந்தோனா என்ற வங்கி முதலாளி 1979இல் நியூயார்க்கில் தன்னை யாரோ கடத்திவிட்டதாக நாடகம் போட்டுவிட்டு சிசிலியில் பதுங்கியிருந்தார். அவருக்கு யார் யார் உதவினார்கள் என்று நூல் பிடித்துக்கொண்டு போனதில் லீச்சோ ஜெல்லி என்ற பெயர் வந்தது. பி2வை நடத்தியவர் இவர்தான். டஸ்கனியில் அரெத்ஸோ நகரில் வீடு. இளம் வயதில் ஃபாசிஸ்டாக ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் போனவர், பிறகு மெத்தைக் கம்பெனியில் அதிகாரி, அப்புறம் ஆயத்த ஆடைத் தொழில். அவர் வீட்டையும், காஸ்தில்யோன் ஃபிபோக்கி என்ற சிற்றூரில் இருந்த அலுவலகத்தையும் ஒரே நாளில் சோதனை போட்டார்கள். அலுவலகத்தில் கிடைத்தவை: சீல் வைத்த உறைகள், சந்தா ரசீதுகள், உறுப்பினர் பட்டியல். 962 பெயர்கள்.

யார் யார் என்று பாருங்கள். 44 நாடாளுமன்ற உறுப்பினர்கள். பதவியில் இருந்த அமைச்சர்கள். ராணுவ, கடற்படை, துணை ராணுவப் படைத் தளபதிகள். நாட்டின் மூன்று உளவு அமைப்புகளின் தலைவர்கள், மூன்று பேருமே. கொரியெரே தெல்லா செரா நாளிதழின் உரிமையாளர், அதன் ஆசிரியர். வங்கித் தலைவர்கள். நாடு கடத்தப்பட்ட மன்னர் குடும்பத்து வாரிசு. அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சிக் குழுவில் இருந்த அட்மிரல் மசேரா. மிலானில் அடுக்குமாடி வீடு கட்டி விற்றுக்கொண்டிருந்த சில்வியோ பெர்லுஸ்கோனி.

பேச்சை நிறுத்த வேண்டாம். ஆனால் வீடியோவை நிறுத்துங்கள்.

ஜூலை 14, இரவு

ஒன்றை விட்டுவிட்டேனே, இதுதான் முக்கியம். சோதனை நடத்தியது நிதிக் குற்றங்களைப் பார்க்கும் கார்தியா தி ஃபினான்சா என்ற படை. கர்னல் பியாங்கி தலைமை. தாள்களைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே அவருக்குத் தொலைபேசி வருகிறது. பேசுபவர் அந்தப் படையின் தலைமைத் தளபதி ஜன்னினி. அங்கே பட்டியல் இருக்கும், என் பெயரும் அதில் இருக்கிறது, பெரிய இடத்துப் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன, பார்த்து நடந்துகொள் என்கிற தோரணையில் பேச்சு. பியாங்கி வேலையை நிறுத்தவில்லை. தாள்களை மிலானுக்குக் கொண்டு சேர்த்தார். இந்தத் தொலைபேசிப் பேச்சைப் பின்னால் அவரே சாட்சியமாகச் சொன்னார்.

மேலதிகாரி நேரடியாகக் கூப்பிட்டுச் சொல்லியும் கேட்காத ஒரு கர்னல். முப்பது வருடத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், 962 பேரைவிட எனக்கு அந்த ஒரு ஆள்தான் அதிசயம்.

ஜூலை 15

காலையிலேயே ஒருவர் எழுதிவிட்டார்: "பி2 ஃப்ரீமேசன் சங்கம்தானே, ஃப்ரீமேசன் என்றால் இலுமினாட்டிதானே, ஆக நாங்கள் சொன்னது சரி."

இல்லை. ஃப்ரீமேசன் என்பது சடங்குகளோடு கூடும் பழைய சகோதரச் சங்கம். இலுமினாட்டி என்பது 1776இல் பவேரியாவில் வைஸ்ஹாவ்ப்ட் என்ற பேராசிரியர் தொடங்கியது. பத்து வருடத்துக்குள் அந்த நாட்டு அரசே தடை போட்டு ஒழித்துவிட்டது. வாட்டர்லூ போர்ச் செய்தியை முன்கூட்டியே தெரிந்துகொண்டு யூத வங்கி முதலாளி ரோத்ஸ்சைல்ட் கோடி கோடியாகச் சம்பாதித்தார் என்ற கதை 1846இல் பாரிஸில் வந்த ஒரு துண்டுப் பிரசுரத்தில் கிளம்பியது. யூதர்கள் மேல் இருந்த வெறுப்புதான் அதற்கு எண்ணெய். இன்றைக்கு உங்கள் வாட்ஸ்அப்பில் வருவது அதே சரக்கு, பின்னணி இசை மட்டும் புதுசு.

பி2 விஷயம் வேறு. 1877இல் தொடங்கிய பழைய ஃப்ரீமேசன் கிளை அது. எம்.பி.க்கள், பெரிய மனிதர்கள் வெளியே தெரியாமல் சேர்ந்துகொள்வதற்காக வைத்திருந்தது. 1960களின் கடைசியிலிருந்து ஜெல்லி அதற்குள் ஆள் சேர்க்க ஆரம்பித்தார். 1976இல் இத்தாலிய ஃப்ரீமேசன் தலைமையே அந்தக் கிளையை நிறுத்திவைத்தது. இவர் கண்டுகொள்ளவில்லை, தொடர்ந்து நடத்தினார். ஃப்ரீமேசன்கள் எல்லோரும் சதிகாரர்கள் என்று இதிலிருந்து யாராவது எழுதினால் பதில் சொல்ல மாட்டேன். எழும்பூரில் அவர்களுக்கு மண்டபமே இருக்கிறது.

உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் சந்திப்பது அபூர்வம். எல்லோருக்கும் ஜெல்லியை மட்டும்தான் தெரியும். ரோமில் எக்ஸெல்ஸியர் ஹோட்டலில் சேர்ந்தாற்போல அறைகள் வைத்திருப்பார். ஒரு கதவு வழியே ஒருவர் வருவார், இன்னொரு கதவு வழியே முந்தையவர் போவார். வந்தவர்கள் எதற்கு வந்தார்கள்? ஜெனரலுக்கு அடுத்த பதவி வேண்டும், பத்திரிகை முதலாளிக்குக் கடன் வேண்டும், வங்கிக்காரருக்கு வழக்கிலிருந்து தப்ப வேண்டும். உலகத்தை ஆளும் திட்டத்தோடு யாரும் வரவில்லை.

ஜூலை 17

ஜெல்லிக்கு உண்மையில் எவ்வளவு செல்வாக்கு என்று கேட்டிருக்கிறார்கள். இதற்குப் பதில் சொல்ல என் சொந்த அனுபவம் ஒன்றைத்தான் இழுக்க வேண்டியிருக்கிறது.

நான் வங்கியில் அதிகாரியாக இருந்த காலம். வட மாநிலங்களில் கிடந்த நாங்கள் எல்லாம் ஊர்ப்பக்கம் மாறுதல் கிடைக்குமா என்று தவம் இருப்போம். அப்போது ஒருவர் வருவார். சஃபாரி சூட், கையில் தோல் பை. என்ன உத்தியோகம் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பிராந்திய அலுவலகத்தில் நேராக உள்ளே போவார், பெரிய அதிகாரி எழுந்து நின்று கை கொடுப்பார். "டெல்லியில் ஆள் இருக்கு" என்று பேச்சு. மாறுதல் கேட்பவர்கள் அவரிடம் பணம் கொடுப்பார்கள். கிடைத்தால் அவருக்கு, கிடைக்காவிட்டால் பைசா குறையாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். என்ன நேர்மையான மனிதர் என்று பணம் திரும்பப் பெற்றவர்களே பாராட்டிப் பேசுவார்கள்!

அவர் எதுவுமே செய்யவில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எங்களுக்கு உறைத்தது. எப்படியும் பாதிப் பேருக்கு மாறுதல் வரும். எல்லோரிடமும் வாங்கிக்கொண்டு, வராதவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தால் போதும். டெல்லியில் யாரும் இல்லை. ஆனால் இருக்கிறது என்று நாங்கள் நம்பியதால் பெரிய அதிகாரி எழுந்து நின்றார், அவர் எழுந்து நின்றதால் நாங்கள் நம்பினோம்.

ஜெல்லியில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன். 1980 அக்டோபரில் கொரியெரே தெல்லா செராவில் அவர் பேட்டி வந்தது. பேட்டி எடுத்தவரும் பி2 ஆள், பத்திரிகை ஆசிரியரும் பி2 ஆள், முதலாளியும் பி2 ஆள். சின்ன வயதில் என்னவாக ஆசைப்பட்டீர்கள் என்ற கேள்விக்கு, பொம்மலாட்டக்காரனாக என்று பதில். நிஜமாகவே மறைந்திருந்து நூல் இழுப்பவன் இதைப் பத்திரிகையில் சொல்வானா? விளம்பரம் தேவைப்பட்டவன்தான் சொல்வான்.

ஜூலை 17, சற்று முன்

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஜெல்லியை வெறும் ஏமாற்றுக்காரர் ஆக்கிவிட்ட மாதிரி தொனிக்கிறது. அப்படி விட முடியாது.

சஃபாரி சூட்காரரிடம் தோல் பைதான் இருந்தது. ஜெல்லியிடம் கோப்புகள் இருந்தன. இத்தாலியின் பழைய ராணுவ உளவு அமைப்பான சிஃபார் 1960களில் அரசியல்வாதிகள், பாதிரிகள், தொழிற்சங்கத் தலைவர்கள் என்று 1,57,000 பேருக்குக் கோப்பு போட்டு வைத்திருந்தது. யார் யாரோடு தங்கினார், யாருக்கு எங்கே கடன் என்கிற வரைக்கும். அந்த அமைப்பின் முன்னாள் தலைவர் அல்லாவேனா பி2வில் சேர்ந்தபோது கோப்புகளின் நகல்களை ஜெல்லிக்குக் கொடுத்தார் என்று நாடாளுமன்ற விசாரணையில் வந்தது. மூலக் கோப்புகளை எரிக்க 1974இல் உத்தரவு. எரிந்தது மூலம் மட்டுமே. உருகுவே நாட்டின் மான்டிவிடியோவில் ஜெல்லிக்கு இருந்த வீட்டில் கோப்புக் குவியல் ஒன்று பின்னால் பிடிபட்டது.

ஆக, பாதி பாசாங்கு, பாதி பயம். எந்தப் பாதி எது என்று வந்து நின்றவனுக்குத் தெரியாது. அவர் தொழில் அந்த இருட்டில்தான் ஓடியது.

ஜூலை 20

வங்கிப் பக்கம் வரச் சொன்னார்கள். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிலானில் பாங்கோ அம்புரோசியானோ. 1896இல் கத்தோலிக்கர்களுக்காகத் தொடங்கிய வங்கி. தலைவர் ரொபெர்தோ கால்வி, பி2 பட்டியலில் உள்ளவர். இவர் என்ன செய்தார் என்றால், பஹாமாஸில், லக்சம்பர்கில், பெருவில் எல்லாம் கிளை வங்கிகளைத் திறந்து, அவை மூலம் பனாமா பக்கத்துப் பெயர்ப் பலகைக் கம்பெனிகளுக்குக் கடன் கொடுத்தார். அந்தக் கம்பெனிகள் அந்தப் பணத்தில் அம்புரோசியானோவின் பங்குகளையே வாங்கின. தன் பணத்தில் தன் வங்கியையே பினாமியில் வாங்குகிறார். கடனுக்கு ஈடு என்ன? அதே பங்கு. பங்கு விலை இறங்கினால் ஈடு காலி.

கொரியெரே தெல்லா செரா பி2 கைக்குப் போனதும் இதே பணத்தில்தான். பத்திரிகையை நடத்திய ரித்ஸோலி நிறுவனம் கடனில் மூழ்கியிருந்தது. 1977இல் கால்வியின் பணம் வந்தது, தரகு ஜெல்லி. ஒரு நாட்டின் முதன்மையான நாளிதழை வாங்கத் துப்பாக்கி தேவையில்லை, வசூலாகாத கடன் போதும்.

1981இல் கிளை வங்கிகளில் இருந்தவர்கள், இந்தப் பனாமா கம்பெனிகள் யாருடையவை என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்போது வாட்டிகன் வங்கி செப்டம்பர் 1 தேதியிட்டுக் கடிதங்கள் கொடுத்தது: இந்தக் கம்பெனிகள் எங்கள் கட்டுப்பாட்டில் உள்ளவை, கடன் நிலவரம் எங்களுக்குத் தெரியும் என்று. எங்கள் தொழிலில் இதற்கு கம்ஃபர்ட் லெட்டர் என்று பெயர். கையெழுத்து இருக்கும், முத்திரை இருக்கும், ஆனால் உத்தரவாதம் என்ற சொல் மட்டும் இருக்காது. நான் கிளையில் இருந்தபோது ஒரு கம்பெனிக்கு அதன் தாய்க் கம்பெனி இப்படி ஒரு கடிதம் கொடுத்தது. சட்டப் பிரிவுக்கு அனுப்பினேன். "ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது.

கால்வி இதற்கும் ஒரு படி மேலே போனார். வாட்டிகன் வங்கி கொடுத்த கடிதத்துக்கு எதிராக இவர் ரகசியமாக இன்னொரு கடிதம் கொடுத்தார்: இந்தக் கடிதத்தால் உங்களுக்கு எந்தப் பொறுப்பும் வராது என்று. ஒரு கடிதம் காட்டுவதற்கு, ஒரு கடிதம் பெட்டியில் வைப்பதற்கு. வாட்டிகன் வங்கியின் தலைவர் அப்போது ஆர்ச்பிஷப் மார்சின்கஸ்.

1982 கோடையில் எல்லாம் சரிந்தது. பள்ளம் சுமார் 130 கோடி டாலர். வாட்டிகன் வங்கி 1984இல் சுமார் 24 கோடி டாலர் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, தார்மீகமாகத் தருகிறோம் என்றார்கள்.

கால்விக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து உடனே கொட்டிவிடாதீர்கள், நானே எழுதுகிறேன்.

ஜூலை 20, இரவு

கொட்டிவிட்டார்கள். சரி.

1982 ஜூன் 18, லண்டன், பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தின் அடியில் சாரக் கம்பியில் தொங்கிய உடல். பைகளில் செங்கல், கல், பல நாட்டுப் பணம். முதல் விசாரணை தற்கொலை என்றது. அடுத்த விசாரணை எதுவும் சொல்ல முடியாது என்றது. பல வருடம் கழித்து இத்தாலிய நிபுணர்கள் கொலை என்றார்கள். ரோமில் ஐந்து பேர் மேல் வழக்கு நடந்து 2007இல் ஐந்து பேரும் விடுதலை.

சிந்தோனா? அவர் வங்கியைக் கலைக்கும் பொறுப்பில் இருந்த வழக்கறிஞர் அம்புரோசோலி 1979இல் மிலானில் சுட்டுக் கொல்லப்பட்டார். சொல்லிச் செய்வித்தது சிந்தோனாதான் என்று 1986 மார்ச்சில் ஆயுள் தண்டனை. அதே வாரத்தில் சிறையில் குடித்த காப்பியில் சயனைடு.

"காப்பியா, யார் போட்டது?" என்று கேட்டவருக்கு: அதைத்தான் நாற்பது வருடமாகக் கேட்கிறார்கள்.

ஜூலை 22

பட்டியல் எப்படி வெளியே வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்வேன்.

தாள்கள் கைக்கு வந்ததும் இரண்டு நீதிபதிகளும் பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு, நகல் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, நேரே பிரதமரைப் பார்க்க ரோமுக்குப் போனார்கள். பிரதமர் அர்னால்தோ ஃபோர்லானி. அவர் அலுவலகத்தில் இவர்களை வரவேற்ற தனி அலுவலகத் தலைவரின் பெயரே பட்டியலில் இருக்கிறது! வந்தவர்களுக்கு அது தெரியும். உள்ளே போனதும் ஃபோர்லானி, இதெல்லாம் உண்மையாக இருக்குமா என்று இழுத்தார். நீதிபதிகள் ஒரு விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார்கள். அவருடைய சட்ட அமைச்சர் சார்த்தியின் கையெழுத்து. தினம் பார்க்கும் கையெழுத்து, ஒப்பிட்டுக்கொள்ளலாம் அல்லவா?

அதற்கப்புறமும் பிரதமர் இரண்டு மாதம் பட்டியலை வைத்துக்கொண்டே இருந்தார். மே 21 அன்று வெளியிட்டார், சில நாளில் சார்த்தி விலகினார், மாதம் முடிவதற்குள் அரசே விழுந்தது. அடுத்து வந்த ஸ்பதோலினி, 1945க்குப் பிறகு கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியைச் சேராத முதல் பிரதமர். 1982 ஜனவரியில் ரகசியச் சங்கங்களைத் தடுக்கும் சட்டம் போட்டார்கள். அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவில் ரகசியச் சங்கம் கூடாது என்று முன்பே இருந்தது. மீறினால் என்ன தண்டனை என்று சொல்லும் சட்டம் முப்பது வருடத்துக்கு மேல் வரவே இல்லை.

நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் தலைவி தீனா அன்செல்மி. பதினேழு வயதில் நாஜிகளுக்கு எதிரான போராளிகளுக்குத் தூது போனவர், பின்னால் இத்தாலியின் முதல் பெண் அமைச்சர். 1984 ஜூலையில் வந்த அவர் அறிக்கை பட்டியல் நம்பத்தகுந்தது என்றது. ஜெல்லியை இரண்டு பிரமிடுகள் சந்திக்கும் முனையில் வைத்தது: கீழே நிமிர்ந்த பிரமிடு, பி2. மேலே தலைகீழாக இன்னொன்று. மேல் பிரமிடில் யார் என்று அறிக்கை சொல்லவில்லை. சதிப் பிரியர்களுக்கு இந்த ஒரு பக்கமே ஆயுசுக்குப் போதும். எனக்கும்தான், சில இரவுகளில்.

ஜூலை 26

கேள்வி கேட்டவர் இப்போது கட்சி மாறிவிட்டார். "அப்படியானால் பி2தான் இத்தாலியை ஆண்டது, கோர்ட்டே சொல்லிவிட்டது" என்கிறார்.

கோர்ட் சொல்லவில்லை. அரசுக்கு எதிரான அரசியல் சதி என்ற குற்றச்சாட்டில் 1994இல் ரோம் நீதிமன்றம் பி2 ஆட்களை விடுவித்தது. மேல்முறையீட்டிலும் அது மாறவில்லை. இதைச் சொல்லாமல் பி2 பற்றிப் பேசுவது ஒழுங்கில்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பட்டியலைக் கண்டுபிடித்த மிலான்காரர்களிடமிருந்து வழக்கை 1981லேயே பிடுங்கி ரோமுக்குக் கொடுத்தார்கள். ரோம் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு இத்தாலியில் பட்டப்பெயர் "மூடுபனித் துறைமுகம்", உள்ளே போகும் வழக்கு வெளியே தெரியாது. ஜெல்லியோ 1982இல் ஜெனீவாவில் வங்கிக்குப் பணம் எடுக்கப் போன இடத்தில் பிடிபட்டார், அடுத்த ஆண்டே சிறையிலிருந்து தப்பினார், 1987இல் தானாகவே வந்து சரணடைந்தார். சுவிஸ் அரசு அவரை ஒப்படைத்தபோது, பணக் குற்றங்களுக்கு மட்டும் விசாரிக்கலாம், அரசியல் குற்றங்களுக்குக் கூடாது என்று நிபந்தனை போட்டது. ஆகவே சதி வழக்கில் முக்கியமான ஆளையே நிறுத்த முடியவில்லை. அம்புரோசியானோ வழக்கில் மட்டும் 12 ஆண்டு தண்டனை உறுதியானது, 1998இல். உறுதியானதும் மறுபடி ஓடினார். அந்த வருடமே பிரான்சில் கான் நகரில் பிடித்தார்கள். அரெத்ஸோ வீட்டில் பூந்தொட்டிகளுக்குள் தங்கக் கட்டிகள் இருந்தன, 150 கிலோவுக்கு மேல்.

இன்னொரு நெருடல்: பட்டியலில் உறுப்பினர் எண்கள் 1600க்குப் பக்கத்தில்தான் தொடங்குகின்றன. முந்தைய எண்களுக்கு உரியவர்கள் யார், அல்லது அப்படி யாராவது இருந்தார்களா? சந்தேகப்படுபவர்கள் உண்டு. சஃபாரி சூட்காரரை அறிந்த எனக்கு, ஆள் கணக்கு பெரிதாகத் தெரியட்டும் என்று 1600லிருந்து ஆரம்பித்திருக்கவும் கூடும் என்று தோன்றுகிறது. பில் புத்தகத்தை 501இல் தொடங்கும் கடைக்காரர்கள் இல்லையா?

ஜூலை 27

பூந்தொட்டி பற்றித்தான் பதினைந்து கருத்து. கம்ஃபர்ட் லெட்டருக்கு ஒன்றுகூட இல்லை. நல்லது.

ஆகஸ்ட் 2

இன்று தேதியைப் பார்த்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. 1980 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை, காலை 10:25. பொலோனியா ரயில் நிலையத்தின் இரண்டாம் வகுப்புக் காத்திருப்பு அறையில் குண்டு. விடுமுறைக்குக் கிளம்பிய கூட்டம். 85 பேர் இறந்தார்கள், 200 பேர் காயம். குண்டு வைத்ததாகத் தண்டனை பெற்றவர்கள் நவ-ஃபாசிஸ்டுகள்.

ஐந்து மாதம் கழித்து மிலான் போகும் ரயில் ஒன்றில் வெடிமருந்தும் ஆயுதமும் அடங்கிய பெட்டி ஒன்று "கண்டுபிடிக்கப்பட்டது". வைத்ததே ராணுவ உளவு அமைப்பின் அதிகாரிகள். விசாரணை வெளிநாட்டுப் பக்கம் திரும்பட்டும் என்று. இப்படித் திசைதிருப்பியதற்காக அந்த அதிகாரிகளுக்கும் ஜெல்லிக்கும் தண்டனை 1995இல் இறுதியானது. சதி வழக்கில் விடுதலை ஆனவர் இதில் விடுதலை ஆகவில்லை. பின்னால் 2020இல் அரசு வழக்கறிஞர்கள், குண்டு வைக்கப் பணம் கொடுத்ததே ஜெல்லிதான் என்றார்கள். அவர் 2015லேயே, 96 வயதில், தன் வீட்டில் இறந்துவிட்டார். அந்த விசாரணையில் பெல்லினி என்பவருக்கு 2022இல் ஆயுள் தண்டனை கிடைத்தது, மேல்முறையீட்டிலும் அது நின்றது.

ஜூலை 17 அன்று நான் சொன்ன கதையைச் சிலர் ரசித்திருக்கிறீர்கள். எங்கள் சஃபாரி சூட்காரர் யாரையும் கொல்லவில்லை. அந்த வித்தியாசம் நினைவில் இருக்கட்டும். மாறுதலுக்காக வந்து நின்ற ஜெனரல், ஒருநாள் அந்த உதவிக்குக் கைமாறாக ஒரு பெட்டியை ரயிலில் வைக்க ஆள் அனுப்ப வேண்டியிருக்கும். சிபாரிசு கேட்டு வாங்கியவன் எங்கே நிற்பான் என்று அவனுக்கே தெரியாது.

நவீன நடைமேடைகளோடு அந்த நிலையம் இப்போதும் இயங்குகிறது. வெளிச்சுவர்க் கடிகாரத்தை மட்டும் 10:25லேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 5

பெர்லுஸ்கோனி பற்றிக் கேட்டவருக்கு. 1978 ஜனவரியில் சேர்ந்தார், உறுப்பினர் எண் 1816. ஒரு வழக்கில் சாட்சி சொல்லும்போது, எப்போது சேர்ந்தேன் என்று சரியாக நினைவில்லை, சந்தாவும் கட்டியதில்லை என்றார். அது பொய்ச் சாட்சி என்று 1990இல் வெனிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் பொதுமன்னிப்பு வந்திருந்ததால் தண்டனை இல்லை. 1994இல் பிரதமர்.

1981 ஜூலையில் ரோம் விமான நிலையத்தில் ஜெல்லியின் மகளின் பெட்டியில் கள்ள அடிப்பாகத்தைப் பிரித்தபோது "ஜனநாயக மறுமலர்ச்சித் திட்டம்" என்ற ஆவணம் கிடைத்தது. கட்சிகளில், பத்திரிகைகளில் நம்பகமான ஆட்களை வைப்பது, தொழிற்சங்கங்களைப் பிளப்பது, அரசுத் தொலைக்காட்சியின் ஏகபோகத்தை உடைப்பது, நீதித்துறைக்குக் கடிவாளம் போடுவது. பட்ஜெட்டும் போட்டிருந்தார்கள்: 3,000 அல்லது 4,000 கோடி லிராவுக்கு மேல் தேவைப்படாது என்று. ஆட்சிக் கவிழ்ப்பு, டாங்கி, வானொலி நிலையத்தைப் பிடிப்பது எல்லாம் அதில் இல்லை. ஆட்களை விலைக்கு வாங்கினால் போதும் என்ற கணக்கு.

2003இல் ஜெல்லி ஒரு பேட்டியில், பேப்பரைப் பிரித்தால் நான் எழுதியதெல்லாம் ஒவ்வொன்றாக நடக்கிறது, எனக்கு ராயல்டி தர வேண்டும் என்று பெருமைப்பட்டார். பலரும் இதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துப் பகிர்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனியார் தொலைக்காட்சி பெருகியதற்கும் தொழிற்சங்கம் நலிந்ததற்கும் ஜெல்லி தேவையில்லை, ஜெல்லி இல்லாத நாடுகளிலும் அதேதான் நடந்தது. எப்படியும் வரப்போகும் மாறுதலுக்குக் கூலி கேட்கிறார் மனிதர், 84 வயதிலும்.

ஆகஸ்ட் 9

கேள்வி கேட்டவர் அனுப்பிய நீண்ட பட்டியல் வந்தது. 33 நாள் மட்டும் பதவியில் இருந்து 1978இல் இறந்த போப் முதலாம் ஜான் பால், அதே ஆண்டு கடத்திக் கொல்லப்பட்ட முன்னாள் பிரதமர் அல்தோ மோரோ, இன்னும் யார் யாரோ. எல்லாம் பி2 வேலையா என்று கேட்கிறார்.

போப் விஷயத்தில் ஆதாரம் என்று எதுவும் இல்லை, அதை எடுத்துவிடுங்கள். மோரோவைக் கடத்தியதும் கொன்றதும் செம்படைப் பிரிவு என்ற தீவிர இடதுசாரிக் குழு. அவர்களே ஒப்புக்கொண்டு தண்டனையும் அனுபவித்தார்கள். அவரை மீட்க உள்துறை அமைத்த நெருக்கடிக் குழுவில் பி2 ஆட்கள் பலர் இருந்தார்கள் என்பது உண்மை. அதனால் மீட்பு வேலை கெட்டதா என்பது நியாயமான கேள்வி. அதிலிருந்து "பி2தான் கொன்றது" என்று தாவுவது வேறு. முதல் கேள்விக்கு ஆவணங்களைத் தேடிப் படிக்கலாம். இரண்டாவதுக்கு வீடியோ எடுக்கலாம், அவ்வளவுதான்.

நேற்று கிளாடியோ பற்றிக் கேட்ட அம்மாவுக்கு: பனிப்போர்க் காலத்தில் சோவியத் படை புகுந்தால் உள்ளேயிருந்து போராட நேட்டோவும் இத்தாலிய உளவுத் துறையும் சேர்ந்து வைத்திருந்த ரகசியப் படை அது. 1990 அக்டோபரில் பிரதமர் அந்த்ரேயோத்தியே நாடாளுமன்றத்தில் போட்டு உடைத்தார். 622 பேர் கொண்ட பட்டியலும் வந்தது. அது அரசாங்கமே மறைத்து வைத்திருந்த அமைப்பு, பி2வைப் போல உள்ளே புகுந்தது இல்லை. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினால் ஒன்றும் விளங்காது. வேண்டுமென்றால் தனியாகத் தொடங்குங்கள், வருகிறேன். கம்ஃபர்ட் லெட்டர் பற்றி இன்றைக்காவது யாராவது கேட்பீர்களா?